வை-பை எங்கே தொலைந்தது?

குட்டீஸ்! மடிக்கணினியைத் திறக்கிறீர்கள். திரையின் ஓரத்தில் விரித்த விசிறி மாதிரி இருக்குமே வை-பை குறி, அதன் மேல் ஒரு சின்னப் பெருக்கல் குறி. இன்டர்நெட் இல்லை! உடனே என்ன செய்வீர்கள்? நாலு பட்டனைத் தட்டுவீர்கள். மூடித் திறப்பீர்கள். பிறகு, "அப்பா... நெட் போயிருச்சு!" என்று கூப்பாடு போடுவீர்கள். அப்பா வந்து அதே நாலு பட்டனைத் தட்டுவார்!

போன வை-பையைத் தேடிப் பிடிப்பது ஒரு துப்பறியும் வேலை. அதைச் சொல்லித் தரத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன், தேனி வரை ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவோம். மதுரையிலிருந்து மேற்கே சுமார் 75 கிலோமீட்டர்தான்.

கண்ணைப் பார்க்கும் வை-பை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ஆம் ஆண்டில் வெறும் 11 படுக்கைகளுடன் தொடங்கியது. 1985-இல் தேனியிலும் ஒரு மருத்துவமனை வந்தது.

ஆனால் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் இருக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் கண் மங்கலாகத் தெரிகிறது என்பதற்காகப் பஸ் ஏறி வருவார்களா? "வயசானா அப்படித்தான்" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் யோசிப்பவர்களும் உண்டு. அதனால், சிற்றூர்களிலேயே 'பார்வை மையம்' என்று சின்னச் சின்ன நிலையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர், கணினித் திரையில் நோயாளியைப் பார்த்து, பேசி, மருந்தா கண்ணாடியா ஆபரேஷனா என்று சொல்வார்.

நல்ல யோசனைதானே? ஆனால் டாக்டரின் முகம் திரையில் தெரிய வேண்டுமே! அந்தச் சமயத்தில் கிராமங்களுக்கு வேகமான இன்டர்நெட் கம்பி வரவில்லை. செல்போனில் படம் பார்ப்பதும் நடக்காத காரியம். அப்போதுதான் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அரவிந்துடன் கைகோத்தார்கள். அவர்கள் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? நம் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் அதே வை-பை!

வீட்டு வை-பை நாலு சுவர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். தேனியிலோ சில இடங்களில் 24 மீட்டர் முதல் 42 மீட்டர் வரை உயரமான கோபுரங்களை நிறுத்தி, ஆன்டெனாக்களை ஒன்றையொன்று பார்த்த மாதிரி திருப்பி வைத்தார்கள். நாலாபுறமும் சிதறும் அலையை ஒரே திசையில் குவித்தால் தூரம் போகும். உள்ளங்கைகளைக் குவித்து வாயருகே வைத்துக் கூப்பிட்டால் குரல் வயல் தாண்டிக் கேட்குமே, அதுபோல. ஒரு கிலோமீட்டர் இணைப்பும் இருந்தது. 15 கிலோமீட்டர் இணைப்பும் இருந்தது. 2006-இல் ஐந்து பார்வை மையங்கள் இப்படித் தேனியோடு பேசிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். பெயரைக் கூப்பிடுவார். "உள்ளேன் ஐயா" வந்தால் அடுத்த பெயர். வராவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவார். வை-பையும் இப்படித்தான்! ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். வராவிட்டால் மறுபடி அனுப்பும்.

ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப, ஒரு நொடியைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு நேரம் போதும். கண் சிமிட்டும் நேரத்தில் பல நூறு தடவை போய் வந்துவிடலாம். ஆனால் வீட்டுக்காகச் செய்த வை-பைக்கு அந்தப் பொறுமைகூடக் கிடையாது! பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, "பையன் வரவில்லை" என்று முடிவு கட்டி மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்த, ஒருவர் சொல்வதும் மற்றவருக்குக் கேட்காது. பெர்க்லி குழு மென்பொருளையே மாற்றி, "இந்த நேரம் நீ பேசு, அடுத்த நேரம் நான்" என்று முறை வைத்துக் கொடுத்தது. பிறகுதான் படம் தடங்கலில்லாமல் ஓடியது.

(2007-இல் தென் அமெரிக்காவின் வெனிசுலாவில், இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வை-பை இணைப்புக் கொடுத்துக் காட்டினார்கள். காக்கை பறக்கும் வழியில் அளந்தால், மதுரையில் கிளம்பிச் செங்கல்பட்டைத் தாண்டிவிடும்!)

எதிரி யார்?

இவ்வளவு செய்தும், இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஏன்? ஆன்டெனா கோளாறா? மென்பொருள் பிழையா? ஆராய்ச்சியாளர்கள் துருவித் துருவிப் பார்த்தார்கள். பெரும்பாலும் குற்றவாளி, நமக்கெல்லாம் பழகிய ஆள்தான். கரண்ட்!

நம் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். அங்கே அளந்தபோது சில நேரம் 1000 வோல்ட் வரை எகிறியதாம். சில நேரம் பல்பு நெருப்புக் குச்சி மாதிரி மினுக்குமே, அப்படிக் குறைந்தும் போகும். முழுசாக நின்றால்கூடப் பரவாயில்லை. அரைகுறையாக வந்தால்தான் ஆபத்து. ரவுட்டர் பாதி விழித்து, பாதியில் மயங்கி, அப்படியே நின்றுவிடும். விளக்கு எரியும், வேலை நடக்காது! எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதன் நினைவுச் சில்லில் உள்ள கட்டளைகளும் கெட்டுப்போகும்.

அதனால் மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கருவியைத் தானாகவே அணைத்துவிடும் சுற்று ஒன்றைச் சேர்த்தார்கள். நினைவுச் சில்லை 'படிக்க மட்டும், எழுதக் கூடாது' என்று மாற்றினார்கள். இன்னொன்றும் செய்தார்கள், என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது அதுதான். உள்ளூர் ஆட்களுக்கே பழுது பார்க்கப் பழக்கினார்கள். எந்த வயர் எந்த ஓட்டையில், எந்த விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கேயே இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. அதுவரை அந்தப் பாட்டி மையத்தில் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்திலும் ஒரு பழைய கதை உண்டு. 2001-இலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் கிராமக் கணினி மையங்களுக்கு இன்டர்நெட் கொடுத்தார்கள். அது வை-பை இல்லை, வேறு வகை. வேகமும் கொஞ்சம்தான். அங்கிருந்தும் நோயாளிகளின் கண்ணைப் படம் பிடித்து அரவிந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது நம் வீடு

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பாட்டி முதலில் என்ன செய்வார்? பக்கத்து வீட்டில் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அங்கேயும் இல்லை என்றால் மாநகராட்சிக் குழாயில் பிரச்சினை. அங்கே வருகிறது என்றால் நம் வீட்டில்தான் எங்கோ அடைப்பு. வை-பைக்கும் இதே கேள்விதான். அப்பாவின் செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வை-பையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். (டேட்டாவை அணைக்க மறந்தால் சோதனையே வீண்!) போனிலும் வரவில்லை என்றால் ரவுட்டரோ வெளியிலிருந்து வரும் லைனோதான் காரணம். போனில் வருகிறது, மடிக்கணினியில் மட்டும் இல்லை என்றால், மடிக்கணினியைப் பிடியுங்கள்.

முதலில் ரவுட்டர். அதன் நெற்றியில் வரிசையாக விளக்குகள் இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் எது எது எரிகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். நோய் வந்த பிறகு பார்த்தால், எது சரியான நிறம் என்று யாருக்கும் நினைவு இருக்காது! ஃபைபர் இணைப்பு என்றால் 'எல்.ஓ.எஸ்.' என்று மூன்று ஆங்கில எழுத்து போட்ட விளக்கு ஒன்று இருக்கும். அது சிவப்பாக எரிந்தால், கம்பி வழியே வரும் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். தெருவில் பள்ளம் தோண்டியிருப்பார்கள். அல்லது மரக்கிளை விழுந்திருக்கும். அல்லது வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கும். நீங்கள் மடிக்கணினியை எத்தனை தடவை மூடித் திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்துக்குத்தான் போன் போட வேண்டும். உள்ளே இருப்பது தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழை. அதை வளைக்காதீர்கள், கழற்றாதீர்கள். கழன்று கிடந்தால் அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

விளக்கெல்லாம் சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லையா? தேனியில் பார்த்தோமே, பாதி விழித்த ரவுட்டராக இருக்கலாம். வீட்டுப் பெரியவரிடம் சொல்லி சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடச் சொல்லுங்கள். அது எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி மறுபடி அணைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில், ரவுட்டரின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று கேளுங்கள். இடி இடிக்கும்போது மட்டும் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே நல்லது. அதையும் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

ரவுட்டரின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதைக் குத்த உங்களுக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும்! குத்தாதீர்கள். அது அணைத்துப் போடும் பட்டன் இல்லை. ரவுட்டரின் நினைவை முழுக்க அழிக்கும் பட்டன். நிறுவனம் போட்டுக் கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விடும். அரை மணி நேரப் பிரச்சினை இரண்டு நாள் பிரச்சினை ஆகிவிடும்.

அடுத்து மடிக்கணினி. 2011-இலிருந்து பள்ளிகளில் அரசு கொடுத்த மடிக்கணினி அக்கா, அண்ணன் புண்ணியத்தில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பழைய கணினிகள் சிலவற்றில் பக்கவாட்டில் வை-பைக்கென்றே ஒரு தள்ளு சுவிட்ச் உண்டு. பையில் வைத்து எடுக்கும்போது நகர்ந்துவிடும். சிலவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் போட்ட விசை இருக்கும். தம்பிப் பாப்பா அதை அமுக்கினால் போதும், வை-பை மொத்தமும் அடங்கிவிடும். விமானம் பறக்காது!

பக்கத்து வீட்டு வை-பைப் பெயரெல்லாம் தெரிகிறது, உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் காணோமா? வை-பையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பாதைகள் இருக்கின்றன. பழைய கணினி பலவற்றுக்கு முதல் பாதை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் இரண்டாவது பாதை மட்டும் திறந்திருந்தால் அது பார்த்தாலும் பார்க்காத மாதிரிதான். முதல் பாதையின் அலை சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். இரண்டாவது அதில் பாதி. நீள அலை சுவரைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குட்டை அலைக்கு வேகம் உண்டு, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? முழங்கை நீளம் தடிமன் இருக்கும்! அதற்குப் பின்னால் இரும்பு பீரோ வேறு. அங்கே உட்கார்ந்துகொண்டு வை-பை வரவில்லை என்றால் எப்படி வரும்? மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட 2.4 பாதையிலேயே இயங்குவதால், அது ஓடும்போது பக்கத்தில் இருக்கும் வை-பை திணறும்.

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. பூஜ்யமும் 'ஓ'வும் ஒன்றல்ல. அண்ணன் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கணினி பழையதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கும். வை-பைப் பட்டியலில் அந்தப் பெயரை 'மறந்துவிடு' என்று கொடுத்து, புதிதாக அடியுங்கள்.

மூன்று கதவு தட்டுவோம்

இது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. விண்டோஸ் கணினியின் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் சி, எம், டி என்று அடித்தால் ஒரு கறுப்புப் பலகை திறக்கும். நம் பள்ளிக் கரும்பலகை மாதிரியே இருக்கும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்பதை ஆங்கில எழுத்தில், நடுவில் இடம் விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் உங்கள் கணினியின் முகவரியும், 'டீஃபால்ட் கேட்வே' என்று ரவுட்டரின் முகவரியும் இருக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரியே தரவில்லை. பாவம், கணினி தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது! இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள்.

முகவரி இருக்கிறதா? அப்படியானால் 'பிங்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த ரவுட்டர் முகவரியைப் போடுங்கள். "இருக்கியா?" என்று கதவைத் தட்டுவதுதான் பிங். 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இந்தச் சின்ன நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி எழுப்பும் ஓசையைத்தான் பெயராக வைத்தார். பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி நன்றாக இருக்கிறது. அடுத்து 8.8.8.8 என்ற முகவரியைத் தட்டுங்கள். அது கூகுளுடையது, வெளியுலகில் இருக்கிறது. அங்கிருந்து பதில் இல்லை என்றால் ரவுட்டருக்கு வெளியே பிரச்சினை. அதுவும் பதில் சொல்கிறது, ஆனால் பிரவுசரில் பெயர் அடித்தால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் 'டி.என்.எஸ்.' என்ற பதிவேட்டில் கோளாறாக இருக்கலாம். ஆளின் பெயர் தெரியும். கதவு எண் தெரியாத தபால்காரர் கதை!

கடிகாரம் செய்த குறும்பு

எதிர்வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு. என்னை 'சார் தாத்தா' என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் மதியம் மூன்று மணி தாண்டி ஓடி வந்தான். "சார் தாத்தா, அக்காவுக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங். அஞ்சு மணிக்குள்ள காலேஜ் பேரெல்லாம் வரிசையாப் போடணுமாம். நெட்டே வரல. அக்கா அழுகுது!"

போனேன். பையன் கையில் ஊசி! ரவுட்டரின் ஓட்டையைக் குத்தத் தயாராக நிற்கிறான். "டேய், அதை முதல்ல கீழே வை" என்றேன். விளக்குகள் எல்லாம் பச்சை. அம்மாவின் போனில் வை-பை ஓடுகிறது. மடிக்கணினியிலும் வை-பை இணைந்துதான் இருக்கிறது. பக்கம் மட்டும் திறக்கவில்லை. அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கணினியை அதில் இணைக்கச் சொன்னேன். அப்போதும் அதே கதை. ஆக, ரவுட்டர் மேல் பழி போட முடியாது, ஊசி தப்பித்தது.

"திரையில என்னப்பா போட்டிருக்கு?" என்றேன். "ஏதோ இங்கிலீஷ்ல வருது" என்றான். வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தவன் நிமிர்ந்து பார்த்தான். "தாத்தா... கடிகாரம் பின்னாடி ஓடுதுன்னு போட்டிருக்கு!"

அதுதான்! மாதக்கணக்கில் பீரோவுக்குள் கிடந்த கணினி. சார்ஜ் முழுக்க இறங்கி, உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரியும் தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போய்விட்டிருந்தது. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும், 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று ஒரு சான்றிதழைக் காட்டும். தேதி தப்பாக இருக்கும் கணினி, "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே!" என்று கதவைச் சாத்திவிடும். தேதியையும் நேரத்தையும் சரி செய்தான். பக்கம் திறந்தது. நாலரை மணிக்கு அக்கா கடைசிக் கல்லூரியின் பெயரையும் போட்டு முடித்தாள். எனக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி கிடைத்தது.

இவ்வளவும் பார்த்து, நிறுவனத்துக்குத்தான் போன் போட வேண்டும் என்றால், அதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கு எந்த நிறம், போனில் வருகிறதா, மூன்று கதவில் எது பதில் சொன்னது, திரையில் என்ன வாசகம், கடைசியாக எப்போது வேலை செய்தது. அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள். வெள்ளை அடித்தார்களா, ரவுட்டரை நகர்த்தி வைத்தார்களா, புது பீரோ வந்ததா? பிறகு தாளை அப்பாவின் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.